மத்தவிலாசன்: கருங்கல் பதிப்பு

1978-ல் வாரன் ஜீவான் என்ற அமெரிக்கப் பாடகர் ஒரு ராக் ஆல்பம் வெளியிட்டார். அதில் ஓநாய் மனிதன் ஒருவன் லண்டன் மழையில் சீன ஓட்டலைத் தேடி அலைகிறான். பாடகர் எதையும் மதிக்காத ஆசாமி. இந்த மாதிரி ஆசாமிகளின் ஆல்பங்களைத்தான் இன்று 180 கிராம் வினைலில் மறுபதிப்பு போட்டு, மாத மளிகைச் செலவுக்கு ஈடான விலைக்கு விற்கிறார்கள். வாங்கியவர் அதை விளிம்பில் தொட்டுத் தூக்குகிற பவ்யம் கர்ப்பக்கிரகத்தில்கூடக் காணக்கிடைக்காது.

நமக்கு அப்படியொரு ஆசாமி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டார். ரெக்கார்டு கம்பெனியும் அவரே, தணிக்கைக் குழுவும் அவரே, கள்ளுக்கடை வரி வாங்குவதும் அவரே. பல்லவ மன்னர் மகேந்திரவர்மர்.

மன்னருக்குப் பட்டப்பெயர் மேல் தீராத மோகம். விசித்திரசித்தன், சங்கீர்ணஜாதி, குணபரன், சித்திரகாரப்புலி, பகாப்பிடுகு என்று சேர்த்துக்கொண்டே போனார். பல்லாவரம் குகையில் அவற்றை வரிசையாக வெட்டியும் வைத்தார். (அந்தக் குகை இன்று தர்கா. பட்டங்கள் பத்திரமாக இருக்கின்றன.) இத்தனை பெயர் வைத்திருந்தவர் நாடகம் எழுதியபோது புதிதாகத் தலைப்பு யோசிக்கவில்லை. தன் பட்டம் ஒன்றையே எடுத்துப் போட்டுவிட்டார்: ‘மத்தவிலாசப் பிரகசனம்’.

கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. பேசுவது சமஸ்கிருதமும் பிராகிருதமும். சத்தியசோமன் என்ற காபாலிகன், அவன் துணைவி தேவசோமா, இரண்டு பேரும் நிதானத்தில் இல்லை. கள்ளுக்கடையைப் பார்த்து இதுதான் யாகசாலை என்று உருகுகிறான் அவன். பிச்சையெடுக்கிற கபாலத்தைக் காணோம். அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற புத்த பிக்கு எதையோ அங்கிக்குள் மறைத்தபடி வருகிறார். பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபத சைவத் துறவி. நீதிமன்றம் போகலாம் என்றால் தேவசோமா தடுக்கிறாள்: விகாரைகளின் சொத்து அவர்கள் கையில், நீதிபதிகளின் வாயை அடைத்துவிடுவார்கள் என்கிறாள். தன் ராஜ்யத்து நீதிபதிகளைப் பற்றித் தானே இப்படி எழுதிய அரசர் வேறு யாராவது உண்டா என்று தேடலாம்; அவசரமில்லை. கடைசியில், கபாலத்தில் வறுத்த கறி இருந்ததால் நாய் தூக்கிப்போயிருக்கிறது, நாயிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் பிடுங்கியிருக்கிறான்.

இதில் எனக்குப் பிடித்தவர் நாகசேனன்தான். நல்ல சாப்பாடு, மெத்தை, தாம்பூலம் எல்லாவற்றையும் அனுமதித்த கருணைமிக்க புத்தர், பெண்ணையும் மதுவையும் மட்டும் எப்படி மறந்திருப்பார்? மறந்திருக்க மாட்டார். கிழட்டுப் பிக்குகள் பொறாமையில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். வெட்டுப்படாத மூலப்பிரதி எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவர் லட்சியம்.

ஒரிஜினல் டேப்பைத் தேடும் ஆடியோ பக்தர்களை உலகத்திலேயே முதலில் கிண்டல் செய்தது நம் காஞ்சிதான் என்று தைரியமாகச் சொல்வேன். 2022-ல் அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி சிக்கியது நினைவிருக்கலாம். சுத்தமான அனலாக் என்று பக்தர்கள் கண்மூடிக் கேட்டு உருகிய தட்டுகளில் பலவற்றுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது. வழக்கு வரை போயிற்று. வித்தியாசம் காதில் விழுகிறது என்று பல வருடம் சத்தியம் செய்தவர்களைத்தான் அதன்பிறகு காணோம்.

பல்லவர்களிடம் அந்தச் சிக்கலே கிடையாது. அவர்கள் அச்சடித்தது கருங்கல்லில். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரர் கல்லிலேயே விளம்பரம் கொடுத்தார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லத்தில் கந்தசேனன் என்ற ரசிகர் தன் செலவில் ஒரு குடைவரை எடுத்தார். பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று தலைவரின் பட்டங்களை எல்லாம் முதலில் போட்டு, அடியான் மகன் நான் என்று கடைசியில் தன்னைச் சேர்த்துக்கொண்டார். ரசிகர் மன்றப் பலகைக்கு இன்றும் இதே இலக்கணம்தான்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மகேந்திரரின் எள்ளுப்பேரன் காலத்துக் கைவரிசை. அதிரணசண்டன் குகையில் ஒரே புகழுரையை ஒரு சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். ஏ சைடு, பி சைடு. பிரம்மா, பரதர், திருமால், நாரதர், கந்தன் இவர்களை விட்டால் என் சங்கீதம் யாருக்குப் புரியும் என்று அங்கே மன்னர் கேட்கிறார். ஹைஃபை கடையில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் மரியாதையாக.

இவ்வளவு கல்லிலும் ஒலிப்பதிவாளர்கள், அதாவது உளி பிடித்தவர்கள் எங்கே? மாமல்லபுரத்துக்குப் பக்கத்துப் பூஞ்சேரியில், ஒரு தோப்புப் பாறையில். கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், கொல்லன் ஸேமகன். பட்டம் இல்லை, பெயர் மட்டும்.

இசையையே கல்லில் பதித்தது புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில். ஸ்வரம் ஸ்வரமாக, ஏழு பகுதிகள். செய்தவர் ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர், பெயர் இல்லை. ரசிகர்கள் இதையும் மகேந்திரர் கணக்கில் வரவு வைத்தார்கள். பல்லாவரத்தில் அத்தனை பட்டங்களை வெட்டியவர் ஒரு முழு ஆல்பத்தில் கையெழுத்துப் போட மறந்தார் என்று நம்புவதற்குத் தீவிர ரசிகராக இருக்க வேண்டும்.

எதிரி முகாமும் கல்லில்தான் விமர்சனம் எழுதியது. சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் பல்லவர் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்தார் என்று 634-ல் ஐஹொளேயில் அவருடைய புலவர் ரவிகீர்த்தி வெட்டவைத்தார்.

சரி, நாடகம்? கருங்கல்லில் தேடினால் கிடைப்பது மாமண்டூர்க் கல்வெட்டில் அதன் பெயர் மட்டும். (பஸ் நிறுத்தி இட்லிக்கு யானை விலை சொன்ன நெடுஞ்சாலை மாமண்டூர் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற வழியில் இருப்பது.) அட்டை இங்கே, தட்டைக் காணோம். அது மலிவு பதிப்பில், பனையோலையில், மலைக்கு அந்தப் பக்கம் பிழைத்துக் கிடந்தது. 1917-ல் கணபதி சாஸ்திரி அதைத் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் அச்சிட்டார்.

ஓலையைக் காப்பாற்றியவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவும் இல்லை. கேரளத்துக் கோயில் நடிகர்களான சாக்கியார்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள், இஷ்டத்துக்கு நீட்டினார்கள், சுருக்கினார்கள். குடித்துவிட்டுப் பிச்சை ஓட்டைத் தொலைத்த காபாலிகன் கதை அந்தக் கோயில்களில் வழிபாடாகவே ஆகிவிட்டது. பக்தர்கள் வேண்டிக்கொண்டு ஆட வைக்கிறார்கள்.