மழையில் ஊறிய கிரில் பிழைக்குமா?

கேள்வி: குளிர்காலம் முழுக்க மூடாமல் மழையில் கிடந்த பெல்லட் கிரில்லைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இந்த அடுப்பு பிறந்ததே மழைக்குப் பேர்போன ஓரிகன் மாநிலத்தில்தான். 1980களில் ஜோ டிரேகர் அதை மவுன்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் உருவாக்கினார்.

ஆனால், அதன் தீனி பெல்லட் எனப்படும் அழுத்திய மரத்தூள் துண்டு. ஈரம் குடித்தால் ஊதி உதிர்ந்து, காய்ந்ததும் சிமென்ட்போல் இறுகிவிடும். அதைத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும் திருகுத்தண்டு அசையாமல் நின்றுவிடும். 'செத்துப்போச்சு' என்று ஒதுக்கப்படும் பல கிரில்களுக்கு வந்த நோய் இவ்வளவுதான்.

முதலில் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டும். பிறகு பெல்லட் தொட்டியைக் காலிசெய்து, மோட்டாரைக் கழற்றி, தண்டை உருவி, குழாயைச் சுரண்ட வேண்டும். பல மாடல்களில் தண்டையும் மோட்டாரையும் ஒரு சின்ன ஆணி இணைக்கும். தண்டு சிக்கினால், மோட்டாரைக் காப்பாற்றத் தானே முறிந்துகொள்ளும் தியாகி அது! புது ஆணி போட்டால் போதும்.

சுவிட்சைப் போட்டதும் 'டிரிப்' ஆகிறதா? தீமூட்டும் கம்பியில் ஈரம் இறங்கியிருக்கலாம். அதையும் மாற்றிவிடலாம்.

துருவை வெளிப்புறத்தில் கம்பி பிரஷால் தேய்த்து, அதிவெப்பம் தாங்கும் பெயின்ட் அடிக்கலாம். உள்ளே பெயின்ட் கூடவே கூடாது. சமையல் எண்ணெய் தடவிச் சூடேற்ற வேண்டும்.

மிச்சமிருக்கும் பெல்லட்டை ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிந்தால் அடுப்புக்கு, பொடியாக உதிர்ந்தால் குப்பைக்கு.