சப்பரத்தட்டி லக்ஷணம்

மானசாரம் என்னும் சிற்ப நூல் ரத லக்ஷணத்துக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கிப் பெரிய தேர்களுக்குரிய அளவுகளையெல்லாம் விதித்திருக்க, ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரை ஊர்களில் சிறுவர்கள் ஆற்றுக்கு இழுத்துச் செல்லும் சப்பரத்தட்டியைக் குறித்து நாமறிந்த சாஸ்திரகர்த்தாக்கள் ஒருவரும் வாய் திறவாமற் போனது பெருங்குறை. ஒரு முழப் பலகை, அதன் கீழ் நான்கு சக்கரம், மேலே மூங்கில் குச்சிகளால் ஒரு கூடு, கூட்டைச் சுற்றி வர்ணக் காகிதம், நடுவில் சுவாமி படம், முன்னே கயிறு: இவ்வளவுதானே என்று எண்ணுவோர் அதைச் செய்யும் வீட்டில் ஒரு சாயங்காலமாவது இருந்து பார்த்தவரல்லர். கடைத்தெருவில் தச்சர் செய்து விற்பதை வாங்கி இழுப்போரும் உண்டு. விவாதம் எதுவுமின்றிப் பிறந்த வாகனமாதலால் அதை இவ்வாராய்ச்சியினின்றும் விலக்கினோம்.

பிராசீன ஆதாரங்களை முதலில் நோக்குவோம். குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தச்சர் செய்த சிறுதேர் வருகிறது. ஏறிச் செல்ல உதவாவிடினும் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்பது அங்கே கண்ட செய்தி. பெரும்பாணாற்றுப்படையிலோ, அத்தகைய தேரை உருட்டி இளைத்த பிள்ளைகள் செவிலியரிடம் பாலுண்டு படுக்கையில் உறங்கிப் போகிறார்கள். பட்டினப்பாலையில், நெல் கொத்த வந்த கோழியின்மேல் பெண்கள் வீசிய பொற்குழை, புதல்வர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பின்னிரண்டு நூல்களும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் ஒரே புலவர் இயற்றியவை. இரண்டிலும் மறவாமல் சிறுதேரைக் கொணர்ந்து நிறுத்திய அப்பெரியவர், தம் வீட்டில் ஒரு தேருக்காவது பசை காய்ச்சியிருக்க வேண்டும் என்பது எம் துணிபு. ஆனால் காவிரிப்பூம்பட்டினத்துத் தேருக்குக் கால்கள் ஏன் மூன்றாக இருந்தன? நாலாவது என்னவாயிற்று? இதற்கு எமக்கு விடை கிடைத்த இடம் அப்பட்டினத்திலிருந்து மேற்கே அதே நதிக்கரையில் உள்ள மயிலாடுதுறை.

அவ்வூர்க் குடும்பமொன்றில் நாலாங்கிளாஸ் பையன் ஒருவனுக்காகச் சப்பரம் கட்டப்பட்டபோது, மூன்று சக்கரங்கள் பவுடர் டப்பா மூடிகளால் எளிதில் அமைந்துவிட, நாலாவதற்கு ஒத்த மூடி வீடு முழுதும் தேடியும் அகப்படாமையால், பையனின் தாய்மாமன் தேய்ந்துபோன ரப்பர் செருப்பொன்றை வட்டமாக அறுத்து அச்சில் கோத்தார். பொறியியல் நோக்கில் இதில் தோஷமில்லை. சொல்லப்போனால் நான்கிலும் சத்தமின்றி உருண்டது அது ஒன்றே. ஆனால் பாட்டி அதைக் கண்டுவிட்டார். "சாமி ஏறுற வண்டிக்குச் செருப்பாடா கிடைச்சுது?" என்னும் அந்த ஒரு வினாவால் மாமன் பட்சம் அடியோடு சாய்ந்தது. பழஞ்செருப்பன்று, ரப்பரே என்று தத்துவ விசாரம் செய்தார், மஞ்சள் தண்ணீர் தெளிப்பதாகச் சமாதானமும் சொல்லிப் பார்த்தார், பயனில்லை; முடிவில் அளவு ஒவ்வாத மூடியொன்றே நாலாவதாக ஏறிற்று. ஆகவே, பூம்புகார்த் தேர் முக்காலாய் நின்றதற்கு அக்காலத்துப் பாட்டி ஒருத்தியின் ஆக்ஷேபமே காரணம் என்று கொள்வதில் பிழையிராது.

சுவாமி படம் பற்றிய சர்ச்சை இதனினும் நுட்பமானது. தினசரிக் காலண்டரிலிருந்து கத்தரித்த முருகன் படத்தின் கீழே ஜவுளிக்கடை விளம்பரமும் சேர்ந்து வந்தது. அதை வெட்டினால் மயிலின் காலும் வெட்டுப்படும். விளம்பரத்தோடு சுவாமி புறப்பாடு கூடுமா, காலில்லாத மயில்மேல் சுவாமி வீற்றிருத்தல் கூடுமா என்ற இவ்விரண்டில் எது சிறிய தோஷம் என்று இரவு ஒன்பது மணிவரை ஆராய்ந்தும் முடிவு காணாத நிலையில், பையனின் அக்காள் எழுந்துவந்து ஜவுளிக்கடையின்மேல் ஜிகினாத் தாளை ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இத்தனை நேரமும் தேருக்குரிய பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று வாசகர் கேட்கலாம். "பசையைத் தொடாதே", "குச்சி ஒடிஞ்சுடும், எட்டி நில்லு" என்ற கட்டளைகளுக்கு இணங்கி எட்டி நின்றான், பிறகு உறங்கிவிட்டான். பெரும்பாணாற்றுப்படைப் பிள்ளைகளாவது உருட்டிக் களைத்து உறங்கினார்கள்.

இவ்விடத்தில் பிள்ளைத்தமிழை ஒரு பிரமாணமாகக் காட்டுதல் தகும். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசிப் பருவம் சிறுதேர்ப் பருவம். பருவத்துக்குப் பத்துப் பாட்டென்பது மரபாதலால், குழந்தையை நோக்கித் தேர் உருட்டுமாறு புலவர் பத்து முறை இரந்து நிற்கிறார். விருப்பத்தோடு இழுக்கும் பிள்ளைக்குப் பத்து விண்ணப்பம் எதற்கு? தேர் வேண்டியிருப்பது பெரியவர்களுக்கு என்பதும், பிள்ளை அதற்கு ஒரு நிமித்தம் மாத்திரமே என்பதும் இதனால் பெறப்படும். உரையாசிரியர்கள் இவ்வாறு பொருள் கொள்ளாதது அவர்கள் இஷ்டம்.

இனிப் புறப்பாடு. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ளதெனச் சொல்லப்படுவது. திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் அமைத்துக் கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதற்கு உண்டு. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும், எந்தச் சக்கரத்துக்கு எப்போது முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்புவது என்பதை அத்தொழில் அறிந்த சிலரே நிர்ணயிக்க, மற்றையோர் இழுப்பதோடு அமைகின்றனர். சப்பரத்தட்டியில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. இழுப்பவன் ஒருவன், வலப்புறம் தகப்பனார், இடப்புறம் மாமன், பின்னால் கூடு சாயாமல் ஒரு கை வைத்தபடி அக்காள், காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்த தட்டோடு தாயார், எல்லோருக்கும் முன்னே வழி விலக்கிச் செல்லும் பாட்டி என அதை நடத்துவோர் ஐவர். வாகனத்தின் எடை குறையக் குறைய அதற்கு யோசனை சொல்வோர் தொகை கூடும் என்னும் எம் சித்தாந்தத்துக்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டா. பொற்குழைகள் தெருவில் கிடந்த காலம் போய்விட்டமையால், அன்று வழி மறித்தது ஒரு வேகத்தடை. "தூக்கிடலாம் மச்சான்" என்றார் மாமன். தூக்கிச் செல்வது சப்பரத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்றார் தகப்பனார். அவ்விவாதம் முடிவதற்குள் பையன் வெடுக்கென்று இழுத்து வேகத்தடையைக் கடந்துவிட்டான். டப்பா மூடியொன்று மட்டும் கழன்று சாக்கடைப் பக்கம் உருண்டோட, தேர் சம்பிரதாயப்படி முக்காலாயிற்று.

அவ்வூர்க் காவிரித் துறையான துலாக்கட்டத்தில் அவ்வருஷம் தண்ணீர் இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கமென்றாலும், அணையில் நீர் குறைந்த வருஷங்களில் கடைமடைப் பக்கத்தார் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் கொண்டும் பெருக்கைக் கொண்டாடியதுண்டாதலின், ஆறு ஓடுவதை இங்கே தனியே குறிப்பிட நேர்ந்தது. கரையில் அதுபோன்ற சப்பரங்கள் பல நின்றன. ஒவ்வொன்றையும் சூழ்ந்து அதனதன் ஆலோசனைக் குழுவும் நின்று, பிறர் சப்பரத்தின் கூடு கோணலாயிருப்பதைத் தத்தம் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த குரலில் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சியது வடம் ஒன்றே. ஆலயத் தேர்களுக்கு வடம் தனியே திரித்து வைப்பார்கள். சப்பரத்தட்டிக்கோ அது புறப்படும் தருவாயில், கைக்கு எட்டியவிடத்தில் கிடைப்பதே வடம். மேற்படி வீட்டில் கைக்கு எட்டியது கொல்லைப்புறத்துக் கொடிக்கயிறு. ஆடிப் பத்தொன்பது காலை, வாளி நிறைய ஈரத் துணியோடு கொல்லைக்குப் போன தாயார், கொடி இருந்த இடத்தில் இரண்டு ஆணிகளை மாத்திரம் கண்டு, "இதை அவுத்தது யாரு?" என்று கேட்டபோது, முந்தாநாள் இரவு தச்சும் சிற்பமும் ஆகமமும் பேசிய பண்டிதர்கள் அனைவரும் ஒருமனதாகச் சுட்டிக் காட்டியது அந்தப் பையனையே.