எக்செல் ஷீட்டுக்கு வண்ணம் பூசி வேலையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி?

திருவொற்றியூர், மணலி பக்கம் ஏதாவதொரு கன்டெய்னர் யார்டில் ஷீட் பார்க்கிறீர்களா? உங்களை யாரும் அசைக்க முடியாதபடி உட்கார வழி இருக்கிறது.

1. நிறங்களுக்கு விளக்கம் எழுதாதீர்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு 1 முதல் 11 வரை ஏற்றுகிறார்கள். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஊருக்கே சொல்லிவைத்திருக்கிறார்கள்; 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால்தான் கூண்டு ஏற்றுபவருக்கு மவுசே இல்லை.

2. நெருக்கமான நிறங்களாக எடுங்கள். 2003 பதிப்பு வரை எக்செல் ஒரு கோப்புக்கு 56 நிறம்தான் தந்தது. இப்போது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை படிகள். பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். டெமரேஜ் ஓடுகிற பெட்டிக்கு 255, 192, 0; கஸ்டம்ஸ் சோதனைக்கு நிற்கிற பெட்டிக்கு 255, 194, 0. வித்தியாசம் உங்கள் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

3. தீம் நிறங்களையே பூசுங்கள். வேறு தீம் உள்ள கோப்பில் யாராவது ஒட்டினால் நிறம் மாறிவிடும். மேக்ரோ எழுதத் தெரிந்தால் இன்னும் விசேஷம்: இணையப் பக்கங்களில் சிவப்பைக் குறிக்கும் எஃப்எஃப்0000 என்பதை அப்படியே போடுங்கள், நீலம் வரும். மேக்ரோ அந்த வரிசையைத் தலைகீழாகப் படிக்கும்.

4. சேதியை நிறத்தில் மட்டும் வையுங்கள். 'சீல் உடைந்தது' என்று எழுதாதீர்கள். செல்லுக்குப் பூசிவிட்டுப் போங்கள். கவுன்டிஃப், சம்இஃப் இரண்டுக்கும் நிறம் தெரியாது. சிஎஸ்வியாகச் சேமித்தால் பூச்சு மொத்தமும் உதிர்ந்துவிடும். அப்புறம் எத்தனை பெட்டி தங்கியிருக்கிறது என்று கேட்க, தீபாவளியன்றும் மேனேஜர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

5. சிவப்பு அதிகமானால் பெட்டியை நகர்த்த வேண்டாம், விதியை நகர்த்துங்கள். நம் நாட்டில் 2015இல் வந்த காற்றுத் தரக் குறியீட்டில் 100 என்றால் இளம்பச்சை, 101 ஆனால் மஞ்சள். அந்த ஒரு புள்ளியில் நிறம் மாறும். மணலிக்காரரின் மூச்சு மாறாது. நீங்களும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் '7 நாள் தாண்டினால் சிவப்பு' என்பதை 15 ஆக்குங்கள். பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஷீட் மட்டும் பச்சைப்பசேலென்று இருக்கும்.

6. கடைசியாக ஓர் எச்சரிக்கை. யாராவது 'நிலை' என்றொரு நெடுவரிசை சேர்த்து, டெமரேஜ், கஸ்டம்ஸ், சீல் என்று வார்த்தையில் எழுதி, நிறம் அந்த வார்த்தையைப் பார்த்துத் தானாக வரும்படி செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் ஷீட் புரிந்துவிடும். நீங்கள் லீவு போட்டால் ஒருத்தரும் போன் பண்ண மாட்டார்கள்.