என்னை ஒரு கட்சியாகப் பதிவு செய்யுங்கள்

அனுப்புநர்:
வரி கட்டும் ஜெராக்ஸ் கடைக்காரன்,
தாலுகா ஆபீஸ் எதிரில்.

பெறுநர்:
மாண்புமிகு தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
புது டெல்லி.

பொருள்: தனிநபர் ஒருவரை அரசியல் கட்சியாகப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 29அ, வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 13அ.

ஐயா,

கட்சி என்றதும் எனக்கும் முதலமைச்சர் ஆசை வந்துவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். நான் ஒரு படத்தில்கூட நடித்ததில்லை. ஆட்சியும் வேண்டாம், கொள்கையும் கைவசம் இல்லை. இந்த நாட்டில் கட்சிகள் மேல் அரசாங்கம் வைத்திருக்கும் நம்பிக்கையில் கொஞ்சம் எனக்கும் கிடைத்தால் போதும். குடிமகனாக இருந்து பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

அரசாங்கம் ஜனங்களை எவ்வளவு சந்தேகப்படுகிறது என்பது என் மெஷின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் காகிதங்களிலேயே தெரிந்துவிடும். விதவை உதவித்தொகைக்கு மனுப்போட வரும் ஒரு அம்மாவிடம் ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், கணவரின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து, ஒவ்வொரு நகலிலும் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்காக என் மேஜையில் மைத்தட்டு எப்போதும் திறந்தே இருக்கிறது. ஆதார் நகலில் பொடி எழுத்தில் ஒரு வரி விழும்: இது அடையாளச் சான்றுதான், குடியுரிமைக்கோ பிறந்த தேதிக்கோ சான்று அல்ல என்று. பத்து விரலையும் இரண்டு கண்ணையும் கொடுத்து வாங்கிய அட்டை அது. எந்த நாட்டுக்காரர், எப்போது பிறந்தவர் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காது.

2025 ஜூனில் பீகாரில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தக் கிளம்பியபோது தாங்கள் 11 ஆவணங்களைப் பட்டியலிட்டீர்கள். அதில் ஆதார் இல்லை, ரேஷன் கார்டு இல்லை. அதெல்லாம் போகட்டும், ஹாலோகிராம் ஒட்டித் தாங்களே கொடுத்த வாக்காளர் அடையாள அட்டையும் இல்லை! தான் கொடுத்த அட்டையைத் தானே நம்பாத ஒரு ஆபீசை என் தொழில் அனுபவத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் ஆதார் 12-ஆவது ஆவணமாக ஏறியது.

நவம்பர் 4-ஆம் தேதி அந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயர் எங்கே, இல்லாவிட்டால் அப்பா அம்மா பெயர் எங்கே, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று படிவம் கேட்டது. பாகம் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதர்கள் பூத் ஏஜெண்டுகள் மட்டும்தான். என் கடைக் கம்ப்யூட்டரில் பழைய பட்டியலைப் பக்கம் பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பாட்டியின் பெயர் கிடைத்தது. ஆனால் பட்டியலில் ‘முணியம்மாள்’, அட்டையில் ‘முனியம்மாள்’. ஒரு சுழி கூடிப்போயிருக்கிறது. வீடு வீடாகப் படிவத்தோடு அலைந்துகொண்டிருந்த அங்கன்வாடி டீச்சர், பாவம், என் முகத்தைப் பார்த்தார். பாட்டிதான் கேட்டது: “இந்த முணியம்மா வீட்டுக்குத்தான தம்பி அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வந்து கும்பிடுறாங்க? அப்ப சுழி தெரியலையா?”

டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்களைக் காணோம். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று கணக்குச் சொன்னீர்கள். அதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம். செத்தவர்கள் வந்து ஓட்டுப் போட்ட கதை எங்கள் ஊரிலும் உண்டு, அவர்களைத் தூக்கினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உயிரோடு இருப்பவர்தான் தன்னை நிரூபிக்க வரிசையில் நிற்க வேண்டும் என்பதில்தான் எனக்குச் சங்கடம். வியாபார ரீதியாக இல்லை, அந்த மாதம் எனக்கு நல்ல ஓட்டம். ஆனால் செப்டம்பரில்தான் காகிதத்துக்கு ஜி.எஸ்.டி.யை 12-லிருந்து 18 சதவீதம் ஆக்கியிருந்தார்கள். நகல் கேட்பதும் அவர்கள், நகலுக்கு வரி போடுவதும் அவர்கள்.

இனி கட்சிகளின் பக்கம் வருகிறேன். 1961 வருமான வரிச் சட்டத்தின் 13அ பிரிவுப்படி கட்சிக்கு வரும் நன்கொடைக்கு வரி கிடையாது. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் தங்களுக்குச் சொல்ல வேண்டும், அதற்குக் கீழே என்றால் கொடுத்தவர் யாராகவும் இருக்கலாம். ஒரு தேசியக் கட்சி, 20,000-க்கு மேல் எங்களுக்கு ஒருவர்கூடக் கொடுக்கவில்லை என்று வருஷா வருஷம் கணக்குக் காட்டியது. தாங்களும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். என்ன ஒரு பெருந்தன்மை! 2025-இல் வருமான வரிச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். பிரிவு எண்கள் எல்லாம் மாறின, இந்தச் சலுகை மட்டும் அலுங்காமல் குலுங்காமல் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

எனக்கோ கடை வாசலில் ஒரு கியூ.ஆர். அட்டை இருக்கிறது. இரண்டு ரூபாய் வந்தாலும் பெட்டி சத்தம் போட்டு ஊருக்கே சொல்லும். 2025 ஜூலையில் பெங்களூரில் இந்த யு.பி.ஐ. வரவைக் கூட்டிப் பார்த்துத்தான் பேக்கரி, டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் வரி நோட்டீஸ் போனது. பயந்துபோய்க் கியூ.ஆரைக் கிழித்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். சரி, ரொக்கமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றால், தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் தங்கள் பறக்கும் படை பிடித்துக்கொள்கிறது. மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் மாட்டிக்கொள்வார். வீட்டுக் கதவிடுக்கில் டோக்கன் செருகுகிறவர் எந்த வழியில் வருகிறார் என்பது படைக்கு மட்டும் தெரியாது.

தேர்தல் பத்திரத்தை மட்டும் அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 2018-இல் வந்தது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை, ஸ்டேட் பாங்கில் மட்டும் கிடைக்கும். வாங்குகிறவர் கே.ஒய்.சி. கொடுக்க வேண்டும், ஆனால் பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. அச்சுக்கூலியும் வங்கிக் கமிஷனும் வாங்கியவர் தலையில் இல்லை, அரசாங்கக் கணக்கில், அதாவது என் வரியில். அதில் ஒரு ரகசிய எண்ணும் இருந்தது. புற ஊதா வெளிச்சத்தில் மட்டும்தான் தெரியும். என் மெஷினில் வைத்தால் விழாது. தொழில்காரன் என்ற முறையில் அந்த வேலைப்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இந்த ரகசியத்துக்குச் சொன்ன காரணம்தான் இன்னும் அழகு. 2015-இல் ஆதார் வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று அரசாங்கம் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள், உரிமைதான் என்றார்கள். அந்த உரிமையைப் பிறகு அரசாங்கத்தார் யாருக்காகத் தூக்கிப்பிடித்தார்கள் தெரியுமா? எங்கள் முனியம்மா பாட்டிக்காக இல்லை. கோடிக்கணக்கில் பத்திரம் வாங்கிய நன்கொடையாளரின் அந்தரங்கத்துக்காக. கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளும் பொதுவான உரிமை வாக்காளருக்குக் கிடையாது என்று 2023-இல் எழுத்து மூலமாகவே சொன்னார்கள்.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்து, விவரங்களைக் கொடு என்றது. 22,217 பத்திரங்களை யார் வாங்கினார், யார் பணமாக்கினார் என்று பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரை வேண்டும் என்று வங்கி அவகாசம் கேட்டது. அதற்குள் தேர்தல் முடிந்து புது ஆட்சியே அமர்ந்துவிடும். ரேஷன் கடையில் விரல் தேய்ந்த கிழவி கட்டைவிரலை வைத்தால், அட்டையோடு இணைந்த ஆதாருக்கு உரியவர் அவர்தானா என்று சில விநாடியில் மெஷின் சொல்லிவிடுகிறது. ரேகை விழாவிட்டால் ‘நாளைக்கு வா’ என்பதும் அதே வேகத்தில். மார்ச் 11 அன்று நீதிமன்றம் அவகாசம் தர மறுத்தது. மறுநாள் மாலைக்குள் விவரம் தங்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பத்திரம் வாங்கியவர்களில் முதலிடத்தில் எங்கள் கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி. அதன் பத்திரங்கள் மத்தியில் எதிரும் புதிருமாக நிற்கும் கட்சிகளுக்கும் இங்கே அப்போது ஆண்ட கட்சிக்கும் போயிருந்தன. அந்த ஒரு விஷயத்தில் நாட்டில் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றாலும் வழியில்லை. 2013-இல் ஆறு தேசியக் கட்சிகளும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவைதான் என்று மத்தியத் தகவல் ஆணையம் சொன்னது. ஆறும் கேட்காதது போலவே இருந்துவிட்டன. நான் பான் எண்ணை ஆதாரோடு இணைக்கத் தாமதித்ததற்கு ஆயிரம் ரூபாய் கட்டினேன்.

எனவே ஐயா, என்னையும் பதிவு செய்துகொள்ளுங்கள். 10,000 ரூபாய் கட்டணம் தயார். நூறு வாக்காளர்கள் உறுப்பினராக வேண்டும் என்கிறீர்கள். ஆள் பிடித்துவிட்டேன், அதில் சிலர் வரைவுப் பட்டியலில் விடுபட்டுப் போனதால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முனியம்மா பாட்டிதான் பொருளாளர்.

ஒரு உறுதிமொழியும் தருகிறேன். 2025 ஆகஸ்டில், ஆறு வருஷமாக ஒரு தேர்தலிலும் நிற்காத, அலுவலகமே எங்கிருக்கிறது என்று தெரியாத 334 கட்சிகளைத் தாங்கள் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள். அதுவரை அவை கட்சிகளாகவே இருந்தன. முகவரியில் ஆளில்லாத குறை என்னிடம் இருக்காது. ஆவின் பூத்துக்குப் பக்கத்தில், நீல நிற ஷட்டர். கள ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் காலை ஒன்பதுக்கு மேல் வரச் சொல்லுங்கள். வரும்போது அவருடைய அடையாள அட்டை, நியமன ஆணை, முகவரிச் சான்று ஆகியவற்றில் சுயகையொப்பமிட்ட நகல் இரண்டிரண்டு கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டால் பரவாயில்லை, இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். பக்கம் இரண்டு ரூபாய், சில்லறையாகத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கட்டைவிரல் ரேகை – மூன்றாவது முயற்சியில் விழுந்தது)