குடும்பத் தலைவர் பெயர்

காட்பாடியைத் தாண்டி ரயில் மேற்கே ஓடத் தொடங்கினால், ஆம்பூர் வரப்போகிறது என்பதை அந்தக் காலத்தில் யாரும் பலகை பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. சென்னையில் ஏறியவர்கள் அவசரமாக ஜன்னல் கதவை இறக்கிவிட்டுக் கைக்குட்டையைத் தேடுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களோ நிதானமாக எழுந்து மேல் பலகையிலிருந்து பையை இறக்கிக்கொள்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் கலந்த அந்த வாடைதான் எங்களுக்கு ஊர் வந்துவிட்டது என்ற செய்தி. இப்போது அதே தடத்தில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கால் தேடிப் பார்க்கிறேன். எப்போதாவது மெலிதாக வருகிறது. அது குறைந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த வாடைக்குள் ஒரு கட்டுக் காகிதத்தோடு நடந்து திரிந்த 26 வயது இளைஞனைத்தான் தேடுகிறேன் போலிருக்கிறது.

அது 1983. வேலூர்க் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு. பொருளாதாரத்தில் எம்.ஃபில். பட்டத்துக்காகத் எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்று சொல்லும் தோல் பதனிடும் ஆலைகளின் தொழிலாளர் குடும்பங்களுடைய வருமானத்தை ஆராய்வது என்று முடிவு செய்து, ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் மையின் ஈரம் விரலில் ஒட்ட ஒட்ட 120 படிவங்களை எண்ணி அடுக்கிக்கொண்டு, துத்திப்பட்டு, மின்னூர் என்று ஜூன் மாத வெயிலில் அலைந்தேன். நோன்புக் காலம் அது. பொழுது சாயும் நேரத்தில் ஆம்பூர்ப் பள்ளிவாசல் பக்கம் நடந்துபோனால், முன்பின் தெரியாத யாராவது கூப்பிட்டு ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சியைக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சூட்டையும் பூண்டு மணத்தையும் பிறகு எத்தனையோ கருத்தரங்க விருந்துகளில் தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை.

படிவத்தின் முதல் கேள்வி: குடும்பத் தலைவர் பெயர். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தலைவர் திண்ணையில் உட்காருவார், நான் எதிரே உட்காருவேன், அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். அந்த வீட்டுப் பெண் கதவுக்குப் பின்னால் பீடி சுற்றிக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ இருப்பாள். ஒரு வீட்டில் அவர் மாத வருமானம் முந்நூறு ரூபாய் என்றார். உள்ளேயிருந்து ஒரு குரல், "முந்நூறு இல்ல சார், இருநூத்தி நாப்பதுதான் வூட்டுக்குக் குடுக்கறாரு" என்றது. அவர் சிரித்தார், மரியாதைக்கு நானும் சிரித்தேன். கட்டத்துக்குள் 300 என்று எழுதினேன். ஆய்வேடு முடிந்தது, பட்டம் வந்தது, அதை வைத்து வேலையும் வந்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, அந்த ஆய்வை இன்னும் பெருமையோடு தூக்கிக்கொண்டு ஒரு கருத்தரங்கில் படித்தேன். கேள்வி நேரத்தில், பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் எழுந்தார். அவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். "சார், 120 வீட்டுலயும் சேத்து எத்தனை பெண்களோட பேசினீங்க?" என்றார். நான் தாள்களைப் புரட்டினேன். நாலு பேர். நாலு பேருமே கணவனை இழந்தவர்கள். வேறு வழியில்லாமல் குடும்பத் தலைவர் ஆனவர்கள். "அப்ப, புருஷன் போனாத்தான் நீங்க அவங்ககிட்ட பேசுவீங்களா சார்?" குரலில் கோபமே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி அது. அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் புரண்டு படுத்தேன். மறுவாரமே பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன்.

அவர் அறையென்று காட்டியது, நூலகத்துக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்திருந்த இடம். ஒரு மர பீரோ, ஒரு மேஜை, மூலையில் காற்றுப் போன வாலிபால். கதவில் 'மகளிரியல் வட்டம்' என்று மாணவிகள் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு அப்போதுதான், 1986க்குப் பிறகு, நாட்டில் சில இடங்களில் மகளிரியல் மையங்களுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பணத்துக்குக் காத்திருக்க மேடத்துக்குப் பொறுமை இல்லை. ஒரு முறை உதவி கேட்டு விண்ணப்பித்தபோது, "பெண்களைப் பற்றியதுதானே, மனையியல் துறையில் சேர்த்துவிடலாமே" என்று ஒரு குழுவிலிருந்து பதில் வந்ததாம். அந்தக் கடிதத்தை அவர் கிழித்துப் போடவில்லை. பீரோவின் உள்கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் 1981 ஏப்ரலில் நடந்த முதல் தேசிய மகளிரியல் மாநாட்டுக்கு இளம் விரிவுரையாளராகப் போய்வந்தவர் அவர். 1974லேயே அங்கே மகளிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கிய நீரா தேசாயைப் பற்றிச் சொல்லும்போது, சொந்த அக்காவைப் பற்றிச் சொல்வதுபோல் முகம் மலரும். மத்திய அரசு 1971ல் அமைத்த பெண்கள் நிலை பற்றிய குழு, புல்ரேணு குஹா தலைமையில், வீணா மஜும்தார் உறுப்பினர்-செயலராக இருந்து, 1974 கடைசியில் கொடுத்த 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கையின் ஒரு பிரதியை நூல் பிரிந்துபோகும் அளவுக்குப் படித்து வைத்திருந்தார். 1901ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள், 1971ல் 930. இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் எதுவும் பேசாமல் நிற்பார். பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்கத் தொடங்கும்வரை பேசமாட்டார். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பயந்தே சில ஆண் விரிவுரையாளர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. 1992ல் எங்கள் மாவட்டத்துக் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களில் பெண் சிசுக்கொலை பற்றி சாபு ஜார்ஜும் ராஜரத்தினம் ஏபெலும் பார்பரா மில்லரும் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுததையும் பார்த்திருக்கிறேன். எண்களை மனப்பாடம் செய்த மனுஷி, அவை பக்கத்து ஊரின் பெயரோடு வந்தபோது தாங்கவில்லை.

தலைமை என்றால் என்ன என்று அந்த விளையாட்டு அறையில்தான் நான் பார்த்தேன். பதவிப் பெயர் அவருக்குக் கிடையாது. சனிக்கிழமை காலை 7 மணி பஸ்ஸுக்கு எட்டுப் பத்து மாணவிகள் வந்து நிற்பார்கள். கூடவே, அடக்கமாக, நானும். களத்தில் அவருக்குச் சில விதிகள் இருந்தன. முதல் அரை மணி நேரம் பேனாவை எடுக்கக் கூடாது. அவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லக் கூடாது. முடிந்தால் கூட உட்கார்ந்து செய்ய வேண்டும். எழுதியதை எல்லாம் அடுத்த முறை போகும்போது அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். வேப்ப மரத்தடியில் ஒரு மாணவி நோட்டைத் திறந்து படிக்க, சுற்றியிருந்த பெண்கள் "ஐய, அப்படி இல்ல பாப்பா" என்று திருத்த, நோட்டில் அடித்தலும் திருத்தலும் கூடிக்கொண்டே போகும். அந்த அடித்தல்தான் ஆய்வு என்பார். அவ்வளவு அழுக்கான நோட்டுகளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இன்று கணினியில் வரும் சுத்தமான பக்கங்களைப் பார்க்கும்போது, எங்கே திருத்தினார்கள் என்று தேடத் தோன்றுகிறது.

அதற்குள் ஆம்பூர் மாறிக்கொண்டிருந்தது. சீதாராமையா குழு 1972ல் சொன்னதை ஒட்டி, பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்த, தோல் ஷாப்புகளுக்குப் பக்கத்திலேயே ஷூ கம்பெனிகள் முளைத்தன. தொட்டியில் இறங்கும் வேலைக்கு ஆண்களைத் தேடியவர்கள், தையல் மிஷினுக்குப் பெண்களைத் தேடினார்கள். விடிகாலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போயின. இந்த ஏற்றுமதிக் கொள்கையை வகுப்பில் நான் பத்து ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் அது ஒரு பெண்ணின் காலை நாலரை மணியை எப்படி மாற்றியது என்பதை, ஒரு தாழ்வாரத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே தாழ்வாரங்களில், கம்பெனிக்குப் போகாத பெண்கள் ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருப்பார்கள். ஏஜென்ட் மூட்டை கொண்டுவந்து போடுவார், ஜோடிக் கணக்கில் கூலி. ஒருத்தியிடம், தடித்த ஊசி தோலுக்குள் போய் வரும்போது விரல் வெடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, "நீங்க என்னம்மா வேலை செய்யறீங்க?" என்று கேட்டேன். "வேலைக்கெல்லாம் போவல சார். சும்மா வூட்லதான் கீறேன், ஷூ தைச்சிகினு" என்றாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், குடும்பப் பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலி இல்லாமல் செய்யும் வேலையும் வேலைதான் என்று கேள்வியிலேயே சேர்த்தபோது, அதற்காக நாடு முழுவதும் எத்தனை மகளிரியல்காரர்கள் வாதாடியிருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது, அந்த வெடித்த விரலால்தான்.

பாலாறும் அந்த நோட்டுகளில் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று சொல்லி, தோல் ஷாப்பு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த செய்தி வந்த அன்று நாங்கள் மிட்டாய் வாங்கிக் கொடுத்தோம். கெட்டுப்போன நிலத்துக்கு இழப்பீடு கணக்கிடும் பேச்சு எழுந்தபோது மேடம் தம் மாணவிகளை வேறொரு கணக்கெடுக்கச் சொன்னார்: கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போனதால் ஒரு பெண் குடத்தோடு கூடுதலாக நடக்கும் தூரம். நிலத்துக்குப் பட்டா இருக்கும், நடைக்கு ஏது? அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மில்லி நிஹிலா, தமிழ்நாட்டுத் தோல் தொழிலில் பெண் தொழிலாளர் ஓரங்கட்டப்படுவதைப் பற்றி 1999ல் எழுதியதைப் படித்த இரவில், என் 120 படிவங்களையும் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கு வருகிறேன். வேலூருக்கென்றே 2002ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தாயிற்று. என் படிவத்தில் வட ஆற்காடு என்று எழுதியிருக்கும் கிராமம், வட ஆற்காடு அம்பேத்கர் ஆகி, வேலூர் ஆகி, 2019லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மகளிரியலில் நெட் தேர்வு எழுதலாம். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின்படி கல்லூரிதோறும் புகார்க் குழு அமைக்க வேண்டும். 2022லிருந்து, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கம்பெனி பஸ்ஸில் போன பெண்களின் மகள்கள் இப்போது கல்லூரி பஸ்ஸில் வருகிறார்கள். ஐடா ஸ்கடர் 1918ல் பெண்களுக்காகத் தொடங்கி, 1947ல்தான் ஆண்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் இது. இப்படி ஒரு நாள் வர இவ்வளவு காலம் ஆனதே என்று மட்டும் இருக்கிறது. அந்த மகள்கள் கேட்கும் கேள்விகளும் கூர்மையானவை. ஈரத்தோலைத் தொடுகிறவர் யார், மிஷினில் உட்காருகிறவர் யார், அதில் சாதி எங்கே இருக்கிறது என்று, புனேயில் ஷர்மிளா ரேகே பாடமாக்கிய கேள்விகளை அவர்கள் முதல் நாளே கேட்கிறார்கள். எனக்கும், ஏன் மேடத்துக்கும்கூட, அது பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின.

ஆனால் மகளிரியல் மையத்தை நடத்துகிறவரைப் பார்க்கப் போனால் மனம் கனத்துவிடுகிறது. குளிரூட்டிய அறை, பெயர்ப் பலகை, அழகான மேஜை; மேஜைமேல் மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை கட்டுரை, எத்தனை புள்ளி, மகளிர் தினக் கோலப் போட்டிக்கு எத்தனை புகைப்படம். 2017ல் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்து, மையங்களுக்குப் பணம் தொடருமா என்று நாடு முழுக்கத் தவித்த மாதங்களை, அந்த வேலையில் இருந்த ஒருவர் சொல்லக் கேட்டேன். களத்துக்குப் போய் இரண்டு ஆண்டு ஆகிறது என்றார், தலையைக் குனிந்துகொண்டு. அவர் சோம்பேறி இல்லை. மேடத்தைப் போலவே நேசிக்கிறவர். அவருடைய சனிக்கிழமைகளை யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி வீட்டுக்கு வந்தாள். வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்களைப் பற்றி ஆராய்கிறாள். அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். பழைய படிவங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தாள். தன் ஊர்ப் படிவங்களைத் தனியே பிரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், ஒரு தாளில் நின்றுவிட்டாள். குடும்பத் தலைவர் பெயர் அவளுடைய தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே, மனைவி என்ற இடத்தில், 1 என்று எண் மட்டும். வருமானம் 300. ஓரத்தில் பென்சிலால் மங்கலாக 240 என்று எழுதி, அதை நானே அடித்திருந்தேன். எழுதியது எனக்கு நினைவில்லை. அடித்ததும் நினைவில்லை.

"இது என்ன சார்?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆயா உயிரோடதான் இருக்காங்க சார்" என்றாள்.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தாள். இருநூற்று நாற்பதும் முழுசாக வந்ததில்லையாம். அதில் நாற்பதை மாதக் கடைசியில் தாத்தா திரும்ப வாங்கிக்கொள்வாராம். பீடிக் காசில்தான் வீடு ஓடியதாம். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அந்த சாரு என் பேர எழுதிகினாரா?" என்று ஆயா கேட்டார்களாம்.

நான் பேனாவை எடுத்து, அந்த 1க்குப் பக்கத்தில் எழுதக் குனிந்தேன். மாணவி மெல்லத் தாளின் மேல் கையை வைத்தாள். "இப்ப வேணாம் சார். ஆயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதலாம். இதுவரைக்கும் எழுதினதையும் அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், நீங்களும் வாங்க."

சனிக்கிழமை காலை 7 மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.