வாசல் சொல்லித்தான் அனுப்பணும், மருமவனே

வாய்யா மருமவனே, உக்காரு. ரெண்டு எழுத்து தட்டுனதும் அட்ரஸ் தானா வந்து விழுந்துச்சாம், நீயும் பாக்காம அமுக்கிட்டியாம், கம்பெனிக் கணக்கு போட்டிக்காரன் வீட்டுக்குப் போயிருச்சாம். இப்ப மெஷினைத் திட்டுறே. நல்லாத் திட்டு. அது திருப்பித் திட்டாது. அந்த வேலைய உன் மேனேஜர் பாத்துக்குவாரு.

டிஜிட்டல் கம்பெனிக்காரன் 1977ல இறக்கின வாக்ஸ் வகையறா மெஷின்ல குப்பை கொட்டுனவன் நானு. அதுல வி.எம்.எஸ். மெயில்னு ஒண்ணு. இந்த உபசாரமெல்லாம் அதுக்குத் தெரியாது. 'மெயில்>'னு திரையில நிக்கும். 'செண்ட்'னு தட்டினா, 'டூ:'னு கேக்கும், அவ்வளவுதான். அதே மெஷின்காரனுக்குன்னா வெறும் யூசர்நேம். டெக்நெட்னு அந்தக் கம்பெனியோட நெட்வொர்க்ல இருக்கிற இன்னொரு மெஷினுக்குன்னா மெஷின் பேரு, ரெண்டு முக்காற்புள்ளி (::), அப்புறம் ஆளு பேரு.

இன்டர்நெட்டுக்குன்னாதான்யா கூத்து. எந்த வாசல் வழியா வெளியே போகணும்னு மொதல்ல சொல்லணும். எஸ்.எம்.டி.பி.ன்னு தட்டி, ஒட்டினாப்ல ஒரு %, அப்புறம் கொட்டேஷனுக்குள்ள முழு அட்ரஸ். பி.எம்.டி.எஃப். சாப்ட்வேர் போட்ட ஆபீஸ்னா எஸ்.எம்.டி.பி.க்குப் பதிலா 'இன்'. %னதும் நூத்துக்கு எத்தனைன்னு கேட்டுறாதே, உன் படிப்பு அப்படி. @ஐ ஒரு ஃபைல் பேருக்கு முன்னாடி வச்சுட்டா அது வேற சங்கதி: பேர்ப்பட்டியல் ஃபைலை எடுத்துட்டு வந்து, அதுல இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிரும்.

தினம் இவ்வளவும் தட்டச் சோம்பலா இருக்குமே உனக்கு? அதுக்கும் 'டிஃபைன்'னு ஒரு கமாண்ட் உண்டு. 'மச்சான்'னு சுருக்கமா ஒரு பேரு வச்சுக்கலாம். ஆனா அட்ரஸ் மொத்தத்தையும் கொட்டேஷனுக்குள்ள போடணும். ஏற்கெனவே உள்ள இருக்கிற கொட்டேஷன் ஒவ்வொண்ணையும் ரெண்டாக்கணும். கடைசியில """னு மூணு வரிசையா நிக்கும். எண்ணி எண்ணியே கண்ணு பூத்துப்போகும். அதையும் லாகின்.காம் ஃபைல்ல எழுதி வைக்காட்டி, வெளியே வந்ததும் மறந்துரும். காம்னதும் வெப்சைட்னு தேடப் போயிறாதே, அது கமாண்ட் ஃபைலு.

எக்ஸ்.400ங்கிற வேற மெயில் முறை வச்சிருந்த ஆபீஸ்காரன் பாடு இன்னும் மோசம். அங்க செல்லுபடியாகிற எழுத்துகள்ல @ கிடையவே கிடையாது. அடைப்புக்குறிக்குள்ள ஒரு ஏ போட்டு ஒப்பேத்தணும்.

அது கெடக்கட்டும், உனக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். தப்புப் பண்ணதும் உன் கை எங்க போகுது? கன்ட்ரோல்-இசட்டுக்குத்தானே? வி.எம்.எஸ்.ல லெட்டரை ரத்து பண்றது கன்ட்ரோல்-சி. கன்ட்ரோல்-இசட் அமுக்கினா, எழுதி முடிச்சாச்சு, அனுப்புன்னு அர்த்தம். மேனேஜரைப் பத்தி ஆத்திரத்துல ரெண்டு வரி அவருக்கே தட்டிட்டு, வேணாம்டா சாமின்னு நீ கன்ட்ரோல்-இசட் அமுக்கியிருந்தா, வாக்ஸ் மறுபேச்சே பேசாது மருமவனே. சல்யூட் அடிச்சு அனுப்பி வச்சுரும்.