ஆவி பிடித்த காலம்

கல்யாண மண்டபங்களில் பந்திக்குப் போகும் வழியில், பன்னீர்ச் சொம்புக்கும் கல்கண்டுத் தட்டுக்கும் சற்றுத் தள்ளி, ஓர் எவர்சில்வர் இயந்திரம் புஸ்ஸென்று சீறிக்கொண்டு நின்றதும், அதைச் சுற்றி ஒரு கூட்டம் கையில் கப்போடு முண்டியடித்ததும் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், ஐம்பதைத் தாண்டியவர் என்று உங்களைத் தாராளமாகச் சொல்லிவிடலாம். எக்ஸ்பிரஸோ காபி என்று அதற்குப் பெயர். இன்ஸ்டன்ட் தூளையும் சர்க்கரையையும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளுக்கும் வரை கரண்டியால் அடித்து, ஆவியில் பொங்கவிட்ட பாலை அதன்மேல் உயரத் தூக்கி ஊற்றி, கடைசியில் ஒரு சிட்டிகை சாக்லேட் தூளைத் தூவிக் கொடுப்போம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ‘வீட்டுக்காரிக்கு’ என்று இன்னொன்று வாங்கிப் போனவர்கள் பலர். உண்மையைச் சொன்னால் அது காபியே இல்லை. அந்த இயந்திரத்துக்குள் காபித்தூள் ஒருநாளும் நுழைந்ததில்லை. அது ஆவி விட்டது. மற்றதெல்லாம் எங்கள் கைவண்ணம்.

எங்கள் என்றால், கோயம்புத்தூரில் இந்த இயந்திரங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளியும், எண்பதுகளின் கடைசியில் பாலிடெக்னிக்கை முடித்துவிட்டு, ‘நல்ல வேலை’ கிடைக்கிற வரைக்கும் என்று அவரிடம் போய் ஒட்டிக்கொண்ட நானும். சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் துண்டு, ஒரு கண் எப்போதும் பிரஷர் மீட்டரின் முள்மேல். ஊட்டி ரயிலையே நான்தான் மலையேற்றுகிறேன் என்கிற தோரணையோடு ஆவிக் குழாயைத் திருகிக்கொண்டிருந்த அந்தப் பையனை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாக எல்லாரும் பார்ப்பது தன்னைத்தான் என்பது அவன் கணக்கு. பெண்கள் பார்த்தது நுரையை என்பது அவனுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

இயந்திரத்தைச் சுத்தம் செய்வது என்றால் அன்றைக்கு வெளியே துடைப்பது. சபீனா போட்டுத் தேய்த்து, பித்தளைக் குழாய்களைப் புளி வைத்துத் துலக்கி, முகம் தெரிகிற மாதிரி ஆக்கியபிறகுதான் வண்டியில் ஏற்ற முதலாளி சம்மதிப்பார். “பளபளன்னு இருந்தாத்தான்டா தம்பி நாலு சனம் கிட்ட வரும். உள்ள எவன் எட்டிப் பாக்கறான்?” என்பார். உள்ளே எவனும் எட்டிப் பார்க்கவில்லை, நானும் சேர்த்தி. ஆவிக் குழாயின் நுனியில் பால் காய்ந்து ஓடு கட்டிக்கொண்டால் கத்தியால் சுரண்டுவது, அதற்கும் மசியாவிட்டால் ராத்திரி முழுக்க ஒரு டம்ளர் வெந்நீரில் குழாயை முக்கி வைப்பது, அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். முக்கி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தால், பாய்லர் ஆற ஆற உள்ளே வெற்றிடம் உண்டாகி, டம்ளரில் இருந்த அந்தப் பால்தண்ணீரைக் குழாய் வழியாகவே அது உறிஞ்சிக்கொள்ளும் என்பது பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். டம்ளர் காலையில் ஏன் காலியாக இருக்கிறது என்று பாலிடெக்னிக் படித்தவன் கேட்கவில்லை, முதலாளி பூனைமேல் பழி போட்டார்.

ஆனாலும் தை மாதத்து விடியற்கால முகூர்த்தங்களில் அந்த இயந்திரத்துக்கு இருந்த மரியாதையை வேறெந்த இயந்திரத்துக்கும் நான் கண்டதில்லை. பெரியவர்கள் குளிர் காயப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். குழந்தைகள் “அண்ணா, நொரை மட்டும்” என்று கப்பை நீட்டும். ஜலதோஷம் பிடித்த ஒரு பாட்டி, “கண்ணு, கொஞ்சம் ஆவி உடு” என்று சொல்லிவிட்டு, பட்டுச்சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு குழாய்க்கு எதிரே குனிந்து நின்றது, என் தொழில் வாழ்க்கையின் ஆகப் பெரிய சேவை என்று இன்றும் நம்புகிறேன்.

எங்களுக்கு ஒரே எதிரி தண்ணீர். கோவைக்குள் சிறுவாணித் தண்ணீர் இருக்கிற வரைக்கும் கவலையில்லை, பல்லடம் பக்கமோ சூலூர் பக்கமோ போய் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றினோமானால், பாய்லரின் வயிற்றில் உப்பு கட்டிக்கொண்டு, கொதிக்கும்போது கடமுடவென்று சத்தம் போடும். அதற்கும் முதலாளியிடம் மருந்து இருந்தது. தாம்பூலத்துக்கு வாங்கி மீந்துபோன எலுமிச்சம்பழங்களை மண்டபத்திலேயே கேட்டு வாங்கி, பிழிந்து பாய்லரில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, திறந்துவிட்டால், உப்பு வெள்ளை வெள்ளைச் செதிலாக வந்து விழும். மறுநாள் கல்யாணத்தில் காபி லேசாக எலுமிச்சை மணக்கும். பால் திரியாத வரைக்கும் யாரும் குறை சொன்னதில்லை.

இப்போது என் அக்கா மகன் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கஃபே வைத்திருக்கிறான். அங்கே இருப்பது அசல் இத்தாலி இயந்திரம். கல்லாப்பெட்டியைவிட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறான். மிலானில் காஜ்ஜா என்பவர் 1948இல் நெம்புகோல் இயந்திரத்தைக் கொண்டுவந்து, வெறும் ஆவியை நம்பாமல் அழுத்தத்தால் காபியைப் பிழிந்தெடுத்ததையும், 1961இல் ஃபேமா கம்பெனி அந்த வேலைக்கு மோட்டார் பம்ப் வைத்ததையும் அவன்தான் எனக்குச் சொன்னான். அந்த 1961 மாடலுக்கு இ61 என்று பெயர், அந்த வருஷத்துச் சூரிய கிரகணத்தின் நினைவாக வைத்ததாம். கிரகணம் என்றால் பால், தயிர், ஊறுகாய் எல்லாவற்றிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுக்களையையே மூடுகிற ஊர்க்காரர்கள் நாம். அவர்கள் காபி இயந்திரத்துக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

ராத்திரி கடை அடைக்கும்போது நான் போனால், அங்கே வேலை பார்க்கும் பெண் ஒரு சடங்கே நடத்திக்கொண்டிருப்பாள். ஓட்டை இல்லாத ஒரு வடிகட்டியைப் பிடிக்குள் போட்டு, அதில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி, மாட்டித் திருகிப் பொத்தானை அமுக்கிப் பத்து எண்ணுவாள். ஒன்பது பார் அழுத்தத்தில் போன தண்ணீருக்கு வெளியேற வழியில்லாமல், நிறுத்தியதும் வந்த வழியே திரும்பிப் பாய்ந்து, கீழே தட்டில் பழுப்பு நுரையாகக் கக்கும். அன்றைக்கு விற்ற அத்தனை காபியின் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் இருக்கும். மறுபடியும் அமுக்குவாள், மறுபடியும் எண்ணுவாள். நுரை வெளுத்து, வெறும் தண்ணீர் வரும் வரை விடமாட்டாள். பிறகு சல்லடையைக் கழற்றிப் பிரஷ், ரப்பர் வாஷருக்கு ஒரு சின்ன பிரஷ். ஆவிக் குழாயை ஒவ்வொரு கப்புக்கும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு தரம் ஊதவிட்டு விடுகிறாள். ஓடு கட்ட வாய்ப்பே கிடையாது. வெளிப்பக்கத்தை மட்டும் போகிற போக்கில் துணியால் ஒரு இழுப்பு. எங்கள் முதலாளி பார்த்திருந்தால் மனசொடிந்து போயிருப்பார்.

அந்தச் சுத்தத்தைப் பார்த்து நான் அயர்ந்துபோனது நிஜம். அந்தக் கல்யாணக் காபியைக் குடித்த ஜனம் எப்படிப் பிழைத்தது என்ற கேள்வியையும் நான் தவிர்ப்பதில்லை. ஆனால் தண்ணீர் சமாச்சாரம் வந்ததும் எனக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. உப்பே கூடாது என்று ஆர்.ஓ. கருவி வைத்தார்கள். பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கம்பிக்கு, தண்ணீர் வழியாகத் துளி மின்சாரம் பாய்ந்தால்தான் தண்ணீர் இருப்பதே தெரியுமாம். உப்பில்லாத தண்ணீரில் அது சரியாகப் பாயாது. ஆக, ரொம்பச் சுத்தமான தண்ணீரை அந்த இயந்திரம் தண்ணீர் என்றே ஒப்புக்கொள்ளாமல், பாய்லர் காலி என்று நினைத்து மேலும் மேலும் நிரப்பிக்கொண்டே போகும். அதனால் உப்பை எடுக்க ஒரு கருவி, எடுத்த உப்பில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்க இன்னொரு கருவி. இரண்டுக்கும் தனித்தனியாக வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்.

அப்படியும் வெந்நீர்க் குழாயின் வாயில் லேசாக வெள்ளை பூத்துவிட்டது. கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, உப்பை நீக்கும் மருந்து என்று வழுவழுப்பான பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன்: சிட்ரிக் ஆசிட்.

“இது எலுமிச்சை உப்புடா மாப்பிள்ளை. மளிகைக் கடையில கிலோ கணக்குல கெடைக்கும். நான் வேணா ரெண்டு பழம் பிழிஞ்சு தரட்டுமா?” என்றேன்.

பாக்கெட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான். “பழம் கிழம்னு ஆரம்பிச்சீங்கன்னா வாரண்டி போயிருமுங்க மாமா.”